அளவு ஜாக்கெட் பாட்டில் கேட்ட கத்தரிச் சத்தம்

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்தது. அனுப்பியவர் வடபழனியில் என்னோடு பல வருடம் வேலை பார்த்த ரமேஷ். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “சார், இதுக்கு நீங்க பதில் சொல்லலைன்னா வேற யாரு சொல்றது?”

அடையாறில் ஒரு நாள் பயிலரங்காம். தலைப்பு, ‘செலவில்லாமல் வைரல்: சுயாதீனக் கலைஞர்களுக்குச் சில பாடங்கள்’. பாடங்களைப் போஸ்டரிலேயே போட்டுவிட்டார்கள். திட்டம் போடாதே. ஃபோன் ஒன்று போதும். தவறு நடந்தால் அப்படியே விட்டுவிடு. ஒத்திகை பார்த்தால் உயிர் போய்விடும். ஓரத்தில் ஒரு படம், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பாடுகிற ஒரு பெண்மணி. ‘தி. நகர் டெய்லர் அக்கா நமக்குச் சொல்லித் தருவது’ என்று அதன் கீழே எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அக்காவுக்குப் பெயர் உண்டு, ஜரீனா. அந்த வீடியோவின் ஒலி வேலையைச் செய்தவன் நான். பயிலரங்கை நடத்தப்போகிற விளம்பர நிறுவனத்துக் கிரியேட்டிவ் ஹெட்டின் எதிரே நானும் ஜரீனாவும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். எதற்காக என்பதைத்தான் எழுதப்போகிறேன். போஸ்டரில் இருக்கிற நாலு பாடமும் பொய். பொய்யைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். முப்பத்து நாலு வருடம் அதுதான் என் தொழில்.

நான் சினிமாவில் எஃபெக்ட்ஸ் ஆள். படத்தில் கதாநாயகன் மாடிப்படி ஏறினால் உங்கள் காதில் விழுவது என் செருப்பு. கதாநாயகியின் வளையல் குலுங்கினால் அது என் கையில் மாட்டியிருக்கிற வளையல். படப்பிடிப்பில் பதிவாகிற சத்தத்தில் பாதி தேறாது. அதனால் ஒரு அறையில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே அத்தனை சத்தத்தையும் மறுபடி செய்து பதிவு செய்வோம். வடபழனியில் அப்படிப்பட்ட அறைகளில்தான் என் வயது போனது. நாலு வருடம் முன்பு ஓய்வு பெற்று, இப்போது மயிலாப்பூரில் வெற்றிலை போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறேன்.

சேர்ந்த முதல் மூன்று வருடம் நான் தூக்கியதெல்லாம் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பூட்ஸ், ஹவாய் செருப்பு, சலங்கை, பூட்டு, சாவிக்கொத்து, கிழிப்பதற்கென்று பழைய வேட்டி. பெட்டிக்குச் சொந்தக்காரர் கோதண்டம் மாஸ்டர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு அவரிடம் கற்ற பாடத்தால் வந்தது.

மாஸ்டர் ரெக்கார்டிங் அறைக்குள் போகுமுன் கைக்கடிகாரம், சில்லறை, அரைஞாணில் தொங்கும் சாவி எல்லாவற்றையும் கழற்றி வாசலில் ஒரு தட்டில் வைப்பார். கஞ்சி போட்ட வேட்டி கட்ட மாட்டார், மொடமொடவென்று கேட்கும். காலையில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வருவார். எங்களையும் சாப்பிட வைப்பார். பசித்த வயிறு கடமுடா என்றால் மைக் அதையும் எடுத்துக்கொள்ளும், டேக் வீணாகும். காட்சியை முதல் முறை ஓட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். இரண்டாம் முறை நடிப்பவரின் தோளை மட்டும் பார்ப்பார். கால் எப்போது தரையைத் தொடும் என்று தோளிலேயே தெரிந்துவிடுமாம். மூன்றாம் முறை டேக். நாலாவது முறை கேட்க நேர்ந்தால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். சத்தமாகத் திட்டவே மாட்டார். வெளியே டீக்கடையில்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசுவார்.

எந்தப் பொருளின் சத்தம் வேண்டுமோ அதையே மைக் முன்னால் வைத்தால் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். அதனால் எலும்பு முறிய முருங்கைக்காயை ஒடிப்போம். தீ எரிய மிட்டாய்க் காகிதத்தைக் கசக்குவோம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. “டேய், நாம செஞ்சது தெரிஞ்சுபோச்சின்னா, நாம சரியா செய்யலைன்னு அர்த்தம்” என்பார்.

ஒரு படத்தில் கதாநாயகி பெரிய மரப்பெட்டியை வீட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவாள். அந்தச் சத்தத்துக்காக மாஸ்டர் ஒரு நாள் முழுக்க அம்மிக்கல்லைச் சாக்கின் மேல் இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டார். படம் நன்றாகப் போனது. டைரக்டர் டிவியில் உட்கார்ந்து, ‘என் படத்தில் ஒரு சத்தம்கூட ஸ்டுடியோவில் செய்ததில்லை, எல்லாம் அந்த மண்ணில் கேட்டது’ என்று கண் கலங்கினார். நாங்கள் டீக்கடையில் நின்று பார்த்தோம். மாஸ்டர் என் காதருகே குனிந்து, “பாஸாயிட்டோம்டா” என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாஸ்டர் இறந்து வெகு காலம் ஆகிறது. எந்தப் படத்தின் டைட்டிலிலும் அவர் பெயர் கிடையாது.

ஜரீனாவின் கடை உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு காம்ப்ளெக்ஸின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேஜை. கூட வேலை செய்பவர் செல்வி. என் மனைவியின் ரவிக்கை ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருந்தோம், வாங்கப் போனேன். ஜரீனாவுடையது காலால் மிதிக்கிற பழைய மெஷின். தோல் பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்க்கிற கம்பிக் கொக்கி சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஒரு அடி விழும். டகடகடகடக டொக். அந்த அடியில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தி அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

கை இறக்கம் கேட்டாங்க, கழுத்து ஏத்தம் கேட்டாங்க,
கல்யாணம் நாளைக்குன்னு இன்னிக்கி வந்து கேட்டாங்க.
அளவு ஜாக்கெட் தந்தாங்க, அது ஆச்சு பத்து வருசம்,
உடம்பு மாறிப்போனதுக்கு ஊசி மேல இன்னா கோவம்?

அவளே கட்டின பாட்டு. நான் ரவிக்கையை மறந்து நின்றுவிட்டேன்.

“இன்னா ணா அப்டியே நிக்கிறீங்க? அண்ணி சொன்னாங்க, நீங்க சினிமால கீறீங்களாம். இன்னா வேலை?”

“சத்தம் போடற வேலை.”

“நானும் அதான் பண்ணினு கீறேன்” என்று சிரித்துவிட்டு, காலை நிறுத்தாமலே கேட்டாள். “இத்த வீடியோவா எடுக்கணும் ணா. செல்வி ஃபோன்ல எடுத்தா படம் நல்லா வருது, சத்தம் டப்பாக்குள்ள பாடற மாரி கீது. நீங்க எட்து குடுங்க. ஆனா ஒண்ணு. பாட்டு என்னுது, மெஷின் என்னுது. நடுவுல நீங்க கைய வெக்கக் கூடாது.”

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒத்திகை பார்த்தால் உயிர் போய்விடும்’ என்கிறான் போஸ்டர்காரன். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. தையல்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஜரீனா அந்த ஆறு வாரமும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டேதான் ரவிக்கை தைத்தாள். எந்தச் சொல்லில் மிதியை அழுத்துவது, எங்கே தளர்த்துவது, நூல் அறுந்தால் எந்த அடியிலிருந்து எடுப்பது என்று காலுக்கும் தொண்டைக்கும் ஒன்றாகப் பழக்கினாள். செல்வி ஒவ்வொரு நாலாவது அடிக்கும் கத்தரியைப் போடப் பழகினாள். வாடிக்கையாளரின் துணியை வெட்டிக்கொண்டே பழகியதால் ஒரு வெட்டு தப்பினாலும் துணி பாழ். அதைவிடக் கண்டிப்பான ஒத்திகையை நான் எந்த ஸ்டுடியோவிலும் பார்த்ததில்லை.

திட்டம் போடாதே என்கிறான். தி. நகரில் எப்போது சத்தம் இருக்காது? தீபாவளிக்கு மறுநாள் காலை மட்டும்தான். கடைகள் மூடி, தெருவில் பட்டாசுக் குப்பை மட்டும் கிடக்கும். அந்த ஒரு காலைக்காகக் காத்திருந்தோம். ஃபோனை இரண்டு பெரிய நூல் கோன்களுக்கு நடுவே செருகி வைத்தோம். என் கையடக்க ரெக்கார்டரை மேஜைக்கு அடியில், லைனிங் துணியில் சுற்றி, கட்டித் தொங்கவிட்டேன். ஒரே ஷாட், வெட்டு கிடையாது. எங்கோ ஒரு வெடி, எங்கோ ஒரு நாய், பதின்மூன்று டேக் போயின. பதினாலாவதில் இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் பக்கத்துச் சந்தில் ஒரு அணுகுண்டு வெடித்தது. ஜரீனா துள்ளினாள். ஆனால் கால் நிற்கவில்லை. ‘யார்ரா அது, ஊசி உடையப் போவுது’ என்று அதே தாளத்தில் பாடி, டொக்கில் வந்து சரியாக இறங்கினாள். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் அதிர்ஷ்டம் என்கிறார்கள். போஸ்டர்காரன் அதை ‘தவறை அப்படியே விடு’ என்று பாடமாக்கிவிட்டான். வெடியும் நாயும் பதின்மூன்று டேக்கைக் கெடுத்தன, ஐயா. பதினாலாவதைக் காப்பாற்றியது ஆறு வாரப் பழக்கம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். மறுநாள் மதியம் மனைவியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது. மெஷின் பிரமாதம். கத்தரி மட்டும் சவசவ என்று இருந்தது. வெட்டுப்படும் துணியே அதன் சத்தத்தை விழுங்கிவிட்டது. கை சும்மா இருக்குமா? வெற்றிலைப் பையிலிருந்து என் பாக்குவெட்டியை எடுத்தேன். என் அப்பா காலத்துப் பாக்குவெட்டி, ஆணி கொஞ்சம் தளர்ந்தது. மூடினால் ‘சடக்’ என்று விழும். திறந்தால் மெல்லியதாக ஒரு ‘கீச்’. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். செல்வியின் தோளைப் பார்த்துக்கொண்டு, கத்தரி மூடுகிற முப்பத்திரண்டு இடத்திலும் பாக்குவெட்டியை மூடினேன். மூன்றாவது டேக்கில் சரியாக அமைந்தது. கீச்சென்ற சத்தத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதுதான் கத்தரிக்கு உயிர் கொடுத்தது என்று விட்டுவிட்டேன்.

ஜரீனாவிடம் சொல்லவில்லை. மாஸ்டர் என்னுள்ளே உட்கார்ந்து, வாயைத் திறக்காதே என்றார்.

வீடியோ எப்படியெல்லாம் பரவியது என்று நான் சொல்லத் தேவையில்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கிற என் தங்கை, நான் செய்தது என்று தெரியாமல் அதை எனக்கே அனுப்பினாள். கடைக்குப் போனால் ஜரீனா ஃபோனை நீட்டி ஒவ்வொரு கமென்ட்டாகப் படித்துக் காட்டுவாள். “இத்தப் பாருங்க ணா, ‘கத்தரி சத்தம் கூட எவ்ளோ நிஜம்’னு எழுதிகிறாங்க. செல்விக்குத் தல கால் புரியல, தெனம் கத்தரிக்கு எண்ணெய் போட்டுனு கீறா.” நான் சிரித்துவைத்தேன். பாஸாயிட்டோம்டா என்று மாஸ்டர் சொன்னபோது நான் சிரித்த அதே சிரிப்பு. நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

பொங்கலுக்கு ஒரு பட்டுப்புடவைக் கடையின் விளம்பரம் வந்தது. பணக்கார வீட்டு முற்றம், மினுமினுக்கிற பழைய தையல் மெஷின், அதன் முன்னால் ஒரு மாடல் பெண். பாட்டு வேறு. தாளம் அப்படியே டகடகடகடக டொக், நாலாவது அடியில் கத்தரி. இரண்டு வாரம் கழித்து ஜரீனாவின் வீடியோ காணாமல் போனது. இன்னொருவருக்குச் சொந்தமான ஒலியோடு ஒத்துப்போகிறது, அதனால் நிறுத்தப்பட்டது என்று ஒரு அறிவிப்பு மட்டும் வந்தது. விளம்பரத்தை எடுத்தது அந்தக் கிரியேட்டிவ் ஹெட்டின் நிறுவனம், அதன் ஒலியைத் தன் சொத்தாகப் பதிந்து வைத்திருந்தது. வீடியோத் தளத்தின் எந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, எவளோடதோ அவளையே திருடி என்று சொல்லிவிட்டது.

வீடியோ போனதற்குக்கூட ஜரீனா அவ்வளவு வருத்தப்படவில்லை. பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, “ஏம்மா, அந்த விளம்பரத்தைப் பாத்து காப்பி அடிச்சியாமே, எடுத்துட்டாங்களாமே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அவள் மெஷினில் உட்காரவே இல்லை.

“வெட்டுத்துணி தெரியுமா ணா? ரவிக்க வெட்னா மிச்சம் விழும்ல, அத்த எல்லா டெய்லரும் வெச்சிப்பாங்க. நான் ஒரு துண்டு வெச்சிகினது கெடையாது. பையில போட்டுத் திருப்பிக் குடுப்பேன். எங்கம்மா சொல்லிக் குடுத்தது. என்னப் போய் திருடின்றாங்க.” என் வெற்றிலைப் பையே என் மனைவியின் ரவிக்கைகளில் விழுந்த வெட்டுத்துணியில் அவள் தைத்துக் கொடுத்ததுதான்.

ஜரீனா கையெழுத்துப் போட்டு அந்த நிறுவனத்துக்கு அனுப்பிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள். தரமணியில் கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி என் பையைத் துழாவிப் பாக்குவெட்டியை வெளியே எடுத்தார்.

“இன்னா சார் இது, ஆயுதம் கணக்கா கீது?”

“பாக்குவெட்டி பா.”

“இத்த மேல எட்துனு போவ முடியாது சார். இங்கியே கெடக்கட்டும், போம்போது வாங்கிக்கோ.”

மேலே கிரியேட்டிவ் ஹெட் என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டார். காபி வரவழைத்தார். “ஆக்சுவலி இது சிஸ்டம் பண்ற வேலை அங்கிள். ரெண்டும் சிமிலரா இருக்குன்னு பிளாக் பண்ணிருக்கு. நாங்க யாரையும் டார்கெட் பண்ணல.”

“சிமிலர் இல்ல சார். அது என் மெஷின்” என்றாள் ஜரீனா.

“மேடம், பழைய மெஷின் எல்லாமே இப்படித்தான் சத்தம் போடும். நாங்க ஒரு ஆன்டிக் மெஷினை வரவழைச்சு ரெக்கார்ட் பண்ணோம். கத்தரியும் எங்களோடதுதான். ட்ராக் தீபாவளிக்கு ரொம்ப முன்னாடியே ரெடி. ரிலீஸ்தான் லேட். எங்க டீம்ல என்ன சொல்றாங்கன்னா, நீங்கதான் எங்கேயோ கிடைச்ச ட்ராக்கைப் போட்டு வீடியோ எடுத்திருக்கணும்னு.”

ஜரீனா எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “என் வீடியோல ஒரு சத்தம் கூடப் பொய் கெடையாது சார். மெஷின் என்னுது. கத்தரி செல்வியுது. அல்லா மேல சத்தியமா சொல்றேன்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டுத்தான் பாருங்களேன் என்று பக்கத்து ரெக்கார்டிங் அறைக்கு அழைத்துப் போய் விளம்பரத்தைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். அதுவரை நான் அதை ஃபோனில்தான் கேட்டிருந்தேன். டகடகடகடக டொக். சடக். அதன் வாலில், மெல்லியதாக, கீச். எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆணியோடு ஐம்பது வருடம் பழகியவன் நான். பெல்ட் கொக்கி ஆயிரம் மெஷினில் இருக்கும். இந்தக் கீச் உலகத்திலேயே ஒரு பொருளில்தான் இருக்கிறது, அது அப்போது கீழே செக்யூரிட்டி மேஜையில் கிடந்தது.

சொன்னால் ஜரீனாவின் பெயர் மீளும், அவள் செய்த சத்தியம் பொய்யாகும். சொல்லாவிட்டால் சத்தியம் நிற்கும், அவள் திருடியாகவே இருப்பாள். ஸ்பீக்கரில் இன்னும் நாலு கீச் போனது.

“நீங்க ரெக்கார்ட் பண்ணின கத்தரியக் கொண்டுவாங்க” என்றேன். அவர்களுடைய சவுண்ட் என்ஜினியர், தாடி வைத்த மனிதர், தயங்கித் தயங்கி மேஜையிலிருந்து ஒரு கத்தரியை எடுத்து வெட்டிக் காட்டினார். சரக் சரக் என்றது. “இதுல கீச் எங்கே?” என்று கேட்டேன். “கீழ செக்யூரிட்டிகிட்ட என் பாக்குவெட்டி இருக்கு. அதை மேல அனுப்பச் சொல்லுங்க.”

செக்யூரிட்டியே கொண்டுவந்தார். “இந்தா சார், உன் ஆயுதம்.” நான் வாங்கி மைக்கின் முன்னால் பிடித்து ஒரு தடவை மூடித் திறந்தேன். சடக், கீச். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை தேவைப்படவில்லை. தாடிக்காரர் கிரியேட்டிவ் ஹெட்டைப் பார்க்காமல், “அவங்க வீடியோலேர்ந்துதான் எடுத்தேன். ரெஃபரன்ஸுக்குப் போட்டது, அப்படியே இருந்துடுச்சு” என்றார்.

கிரியேட்டிவ் ஹெட்டுக்கு முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். “அப்போ உங்களோடதும் ஃபேக்தானா அங்கிள்? ரா வீடியோன்னு ஊரே சொல்லுது!” அப்படியே கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் என்னைக் கட்டிப்போட்டது.

தரமணி ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகு ஜரீனா சொன்னாள்.

“அல்லா மேல சத்தியம் பண்ணேன் ணா. நீங்க பக்கத்துல குந்திகினு கேட்டுகினு இருந்தீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். ரயில் வந்தது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

வீடியோ இரண்டே நாளில் திரும்பி வந்தது. ‘தொழில்நுட்பப் பிழை’ என்று ஒரு மின்னஞ்சல். வருந்துகிறோம் என்ற ஒரு சொல் கிடையாது. விளம்பரத்திலிருந்து அந்தத் தாளத்தை எடுத்துவிட்டு வேறு போட்டுவிட்டார்கள். காப்பி அடித்தாயாமே என்று கேட்ட வாடிக்கையாளர் ரவிக்கை தைக்க வந்தார், தான் கேட்டதையே மறந்திருந்தார். ஆனால் நான் மூன்று தடவை கடைக்குப் போயும் ஜரீனா நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்வியும்தான். பாவம், அந்தக் கத்தரிக்கு எவ்வளவு எண்ணெய் போட்டிருப்பாள்.

மாஸ்டரின் பாடம் தப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் செய்தது தெரியக் கூடாது என்று ஒளிந்துகொண்டே இருந்தோம். ஒளிந்தவனுக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாததை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டைரக்டர் எடுத்துக்கொண்டார், விளம்பரக்காரன் எடுத்துக்கொண்டான். நானே செல்வியின் கையிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து செல்வி ஃபோன் செய்தாள். “அக்கா ஒங்கள வரச் சொல்லிச்சி. ஆயுதத்தோட.”

போனேன். நூல் கோன்களுக்கு நடுவே ஃபோன் ஏற்கெனவே நின்றது. மெஷினுக்கும் வெட்டும் மேஜைக்கும் இடையில் ஒரு முக்காலி போட்டிருந்தது.

“குந்துங்க” என்றாள் ஜரீனா.

“வீடியோலயா? நானா?”

“பின்ன? நீங்க ஒளிஞ்சிகினு செஞ்சீங்க, அதான் பொய்யாப்பூட்ச்சி. என் முன்னால குந்தி செஞ்சா அதுவும் ஒரு வாத்தியந்தானே? செல்வி அவ கத்தரியப் போடுவா. நீங்க உங்களுத போடுங்க. எது நல்லா கீதுன்னு கேக்கறவங்க சொல்லட்டும்.”

முப்பத்து நாலு வருடத்தில் நான் ஒரு ஃப்ரேமில்கூட இருந்ததில்லை. நாலாவது அடியில் செல்வியின் கத்தரி, எட்டாவதில் என் பாக்குவெட்டி. ஒன்பது டேக் ஆனது. ஒரு டேக் என் வயிறு கடமுடா என்றதால் போனது. அவசரத்தில் வாழைப்பழம் சாப்பிட மறந்திருந்தேன். அதற்குத்தான் ஜரீனா முதல்முறையாகச் சிரித்தாள்.

முடிந்ததும் ஃபோனில் எழுத உட்கார்ந்தாள். “உங்க முழுப் பேரு இன்னா ணா?”

“எதுக்கு?”

“கடைசில போடணும்ல? பாட்டு, மெஷின் ஜரீனா பேகம். கத்தரி செல்வி. பாக்குவெட்டின்னு போட்டு?”

“மு. தேவராஜ்” என்றேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இரண்டாவது வீடியோ முதலாவது போலப் பரவவில்லை. சாயம் வெளுத்தது என்று சிலர் திட்டினார்கள். பாக்குவெட்டி எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்டார்கள். சுயாதீனக் கலைஞர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான். ஆறு வாரம் பழகுங்கள், ஏமாற்று வேலை செய்தால் முகத்தைக் காட்டிச் செய்யுங்கள், கூட வேலை செய்தவரின் பெயரைப் போடுங்கள். இதற்கு அடையாறில் ஏசி ஹால் வேண்டாம்.

போஸ்டரைப் பார்த்த அன்றே அதிலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். கிரியேட்டிவ் ஹெட்டே எடுத்தார். “அங்கிள்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க ஸ்பெஷல் கெஸ்ட்டா வரணும்.”

“நான் வரமாட்டேன். அந்தப் படத்துல இருக்கிறவங்களுக்குப் பேர் இருக்கு. அதைப் போஸ்டர்ல போடு.”

“ஷ்யூர் அங்கிள், இன்னைக்கே கிரெடிட் போட்டுடலாம், நோ ப்ராப்ளம். அவங்க பேர் என்ன?”

ஒரு மணி நேரம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தவர். அவள் கையெழுத்துப் போட்ட மூன்று கடிதம் அவர் மேஜையில் இருந்தது. அவள் சத்தியம் செய்ததை நேரில் கேட்டவர். அவள் வீடியோவை வைத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுக்கப்போகிறவர்.

“ரெண்டாவது வீடியோவோட கடைசியில இருக்கு. ஒரு தடவையாவது முழுசாப் பாரு” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.